பதினொரு மணி நேரம்

“இதைவிட அதிக நேரம் காத்திருக்கிற மாதிரி எதுவும் இல்லையாம்மா?” என்று கேட்டார் பெரியவர்.

டிக்கெட் போடும் பெண் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

கணவனும் மனைவியும் மகனிடம் போகிறார்கள். நேரடி விமானம் தினமும் இருக்கிறது. எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பத்தரை மணி நேரம். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். இவரோ நடுவில் ஓர் ஊரில் இறங்கி, விமான நிலையத்துக்குள்ளேயே பதினொரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வேறு விமானம் பிடித்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவேன் என்கிறார். மொத்தம் இருபத்து நாலு மணி நேரம். கட்டணமாவது குறைவா என்றால் அதுவும் இல்லை.

பக்கத்தில் அவர் மனைவி முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

“நாலு மணி நேரத்துல மாறுற மாதிரி ஒண்ணு இருக்கு சார்.”

“வேணாம்மா. பதினொண்ணையே போடு.”

பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை விட்டுவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பி, நேரடி விமானத்தின் சௌகரியங்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள்.

“ஏங்க, இந்தப் பொண்ணு சொல்றதையே போட்டுடலாமே. என்னால அவ்வளவு நேரம் உட்கார முடியாதுங்க.”

பெரியவர் முகம் வாடிப்போனது. பாஸ்போர்ட்டுகளை மனைவியிடம் கொடுத்து, பக்கத்துக் கடையில் நகல் எடுத்து வரச் சொன்னார். முழங்கால் வலிக்காரியை அதற்கும் விரட்டுகிறாரே என்று பெண்ணுக்கு வயிறு எரிந்தது.

கதவு மூடியதும் கேட்டேவிட்டாள். “கூட வர்றவங்க கஷ்டத்தையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா சார்?”

அவர் கோபப்படவில்லை.

“அந்த ஏர்போர்ட்டுக்குள்ள இருக்குற மருந்துக் கடையில எங்க மக வேலை பாக்குறா. அவளா ஒருத்தரைக் கட்டிக்கிட்டான்னு, இனி இந்த வீட்டுல அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான். எட்டு வருஷம் ஆச்சு. இவ ஒரு நாளும் எடுக்கல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன வாரம் நானே மகளுக்குப் போன் பண்ணிட்டேன். அன்னிக்கு முழுக்க கூடவே இருக்கேன்னு சொல்லியிருக்கா. இவகிட்ட இன்னும் சொல்லல. ஏதாவது தடங்கல் வந்துட்டா தாங்க மாட்டா.”

பெண் கணினிப் பக்கம் திரும்பி விசைகளைத் தட்டத் தொடங்கினாள்.

அந்த அம்மாள் நகல்களோடு வந்து உட்கார்ந்தார்.

“அந்தத் தேதியில நேரடி ஃப்ளைட்ல இடமே இல்லம்மா,” என்றாள் பெண், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “பதினொரு மணி நேரம் காத்திருந்துதான் ஆகணும். உங்களுக்குச் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

“இவர் நினைச்சதுதான் நடக்கும். நாப்பது வருஷத்துல எனக்காக ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்திருக்காரா, நீயே கேளும்மா.”