வெண்டெலின் நாற்காலி

கிளீவ்லாந்தின் பிற்பகல் வெயில் டயாலிசிஸ் அறைத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. குழாய் மாட்டிய கைகளோடு நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியையே பார்க்கிறோம். எங்கள் பேஸ்பால் அணியின் இளம் பந்துவீச்சாளன் எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடவில்லை. இன்று ஜெயித்தால் அக்டோபர் பிளே-ஆஃபில் இடம் உறுதி. இனி சிகிச்சையே வேண்டாம் என்று போன வாரம் சண்டை போட்டவர் வெண்டெல். அவருடைய இயந்திரம் வேலை முடிந்து சிணுங்குகிறது. நர்ஸ் கொலீன் ஊசியை எடுக்க வருகிறாள். "கையத் தொடாதம்மா. அவன் ஆட்டத்த முடிக்கட்டும்," என்கிறார் அவர். எதிரணியின் கடைசி ஆள் சுற்றிய மட்டை காற்றைத்தான் வெட்டுகிறது; ஜெயித்துவிட்டோம். "பாத்தீங்களா நம்ம பயல? இவன மாதிரி இன்னும் மூணு பேர வச்சிருக்கோம். எவன் வந்து அடிச்சிருவான்?" பெற்ற தகப்பன்போல நிமிர்கிறார் வெண்டெல். பிறகு கொலீனிடம் கையை நீட்டுகிறார். "அக்டோபர் முழுக்க இந்த நாற்காலிய எனக்கே ஒதுக்கி வை. இங்கருந்துதான் டிவி நல்லாத் தெரியுது."