ஒன்பதாம் நகல்

2047 மார்ச் 6, கோயம்புத்தூர். காபித் தூள் நிறுவனத்தின் விளம்பரப் போட்டிக்கு ஒன்பது நடுவர்கள். எல்லாரும் பழைய வாடிக்கையாளர்களின் குரலையும் குணத்தையும் வைத்துக் கணினியில் உருவாக்கிய பேசும் நகல்கள்.

இதிலும் தோற்றால் தன் விளம்பர ஏஜென்சியை மூடிவிட வேண்டியதுதான். பூர்ணிமா அலுப்போடு எழுந்து விளம்பர வாசகத்தைப் படித்தாள்.

"கவிதையெல்லாம் இருக்கட்டும் அம்மணி, சிக்கரி எவ்வளவு?" என்றது ஒன்பதாம் நகல்.

போன வருடம் இறந்த கணவர் லோகநாதனின் குரல். அவள் தாளை மடித்து வைத்தாள்.

"நாப்பது சதவீதமுங்க. ரெண்டாவது டிகாக்‌ஷனும் தண்ணியாட்டம் இருக்காது."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" நகல் சிரித்தது. ஒன்பது வாக்குகளும் அவளுக்கே விழுந்தன.

நடுவர்களில் உறவினர் இருந்தால் அந்த நகல் அழிக்கப்படும், மறைத்தால் ஒப்பந்தம் ரத்து என்றது, வென்றவர் நிரப்ப வேண்டிய படிவம். பூர்ணிமா 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு ஒன்பதாம் நகல் அழிக்கப்பட்டது.