நாலு வரைபடம், ஒரே ஓட்டை

"என்னம்மா கடை வெச்சிருக்கீங்க? இதுல ஓட்டை!"

ஹிகாவா வரைபடத்தை எங்கள் பழம்பொருள் கடை மேசைமேல் போட்டார். அரிசி மண்டி முதலாளி, சத்தத்துக்குக் கேட்பானேன்! மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த, நூறு வருஷத்துக்கு முந்தைய எங்கள் ஊர் வரைபடம் அது. ஆற்றங்கரை ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை.

"பழைய காகிதம். பூச்சி அரிச்சிருக்கும்" என்றேன்.

"என் பையன் ஒரு பொண்ணைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவ பூர்வீகம் ஆத்தங்கரை. அந்தக் காலத்துல ஒதுக்கி வெச்ச ஜனங்க தெரு அங்கதான்னு இதுல போட்டிருந்தா, கல்யாணமே கிடையாது. வேற எடுங்க."

எடுத்தேன். அதே இடத்தில் ஓட்டை. மூன்றாவதிலும்.

அவர் குரல் இறங்கிவிட்டது. "மூணும் வேற வேற வருஷத்து அச்சு. வேற வேற வீட்டுலேர்ந்து வந்தது. பூச்சி எப்படிம்மா அதே தெருவைத் தேடிப் போகும்?"

நான் நாலாவதை நீட்டினேன். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியே அவருடைய ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. எனக்கே திக்கென்றது.

"ஊதுபத்தி வாசனை வருதே…"

"பார்க்க வேண்டாம்னு யாரோ சொல்றாங்க போல."

"பயமுறுத்தாதீங்க! எங்க ஜின்பேய் தாத்தா கட்டிக் காத்த குடும்பம். கண்ட இடத்துல சம்பந்தம் பண்ணினா அவர் ஆவி சும்மா விடாது."

"இது அவர் வேலையாவே இருந்தா?"

முகம் வெளிறிவிட்டது மனுஷனுக்கு. வரைபடத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க தாத்தா. கல்யாணத்தை நடத்திடறேன்."

குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினார்.

உள்ளே போய், ஊதுபத்தி புகையும் முன்னோர் வழிபாட்டு மாடத்தின் இழுப்பறையைத் திறந்தேன். ஊதுபத்திக் கட்டுக்குப் பக்கத்தில், கடையை எனக்கு விட்டுப்போன மாமனாரின் உறை. அதில் நாலு காகிதத் துண்டுகள், தெருப் பெயர் ஓர் எழுத்துகூட அழியாமல். மூன்றை வெட்டியது மாமனார். போன மாசம் வந்த நாலாவதை வெட்டியது நான்.

உறைமேல் அவர் கையெழுத்து:

'அரிசி மண்டி ஜின்பேய் காலில் விழுந்து கேட்டதால் வெட்டியது. அவர் பிறந்த தெரு. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமாம்.'