மாத்திரை போடாதவள்

“ஏழு வருஷமும் கர்ப்பமா?”

ஆராய்ச்சிக்காரம்மா என் பதிவேட்டைத் தையல்காரியின் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “யானைகூட ரெண்டு வருஷத்துல பெத்துடும்மா.”



ஏழு பக்கங்களிலும் தையல்காரியின் பெயருக்கு நேரே ஒரே சொல்தான் இருந்தது. ஏழும் என் கையெழுத்து.

எங்கள் தெருவுக்கு மாத்திரை கொடுப்பவள் நான். ஆற்றோரத்து ஈ கடித்தால் உடம்புக்குள் புழு ஏறும். முதலில் அரிப்பு. பிறகு கண். வருடத்துக்கு ஒருமுறை மாத்திரை போட்டால் போதும், குஞ்சுப் புழுக்கள் கண்ணுக்குப் போகாமல் செத்துவிடும். கம்பை நிறுத்தி ஆளின் உயரத்தை அளந்து, அதற்கேற்ற மாத்திரைகளைக் கையில் வைத்து, என் எதிரிலேயே விழுங்கவைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடாது.

ஆற்றின் மேலேயும் கீழேயும் எல்லா ஊரிலும் நோய் ஒழிந்துவிட்டது. எங்கள் பக்கம் பிடித்த ஈக்களில் மட்டும் இன்னும் புழு இருந்தது. அது யார் உடம்பிலிருந்து ஈக்குப் போகிறது என்று தேடுவதுதான் அந்த அம்மாவின் ஆராய்ச்சி. வருடக்கணக்கில் மாத்திரை போடாதவர்களைப் பதிவேடுகளில் தேடிக்கொண்டு வந்தவருக்கு, எங்கள் தெருவில் கிடைத்தது ஒரே ஒரு பெயர்.

தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி தைத்த சட்டை மடியில் கிடந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. போன வருடத்திலிருந்து அவளுக்கு நூல் கோர்க்க முடிவதில்லை. தினமும் காலையில் நான்தான் வந்து பத்து இருபது ஊசிகளில் நூல் கோர்த்து, துணி உருண்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவேன். மிச்சத்தை அவள் விரலால் தடவித் தடவியே தைத்துவிடுவாள்.

ஆராய்ச்சிக்காரம்மா குனிந்து அவள் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“வாசல் வெளிச்சம் தெரியுதுங்க. நீங்க நிக்கறது தெரியுது. மூஞ்சி தெரியல.”

“போனது திரும்பாதும்மா. இருக்கறதயாவது காப்பாத்தணும்.” டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். பேனாவைத் திறந்தார். “ஏன் ஏழு வருஷமா போடல?”



தையல்காரி நான் நிற்கும் பக்கம் திரும்பினாள். சரியாக என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில் மாட்டியிருந்த சட்டைகளைப் பார்த்தாள்.

“நான்தாங்க பொய் சொன்னேன். எங்களுக்குக் குழந்தை இல்ல. மாத்திரையை வாங்கிப் போட்டுக்கிட்டா, இந்த வருஷமும் ஒண்ணும் இல்லன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்ல. அக்கா பாவம். நான் சொன்னத நம்பி எழுதிக்கிட்டாங்க.”

பேனா ஓடாமல் நின்றது. ஆராய்ச்சிக்காரம்மாவின் முகத்தில் இருந்த கடுமை போய்விட்டது. அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்படித்தான் சொன்னாங்களா?”

“ஆமா” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கம்பை நானே நிறுத்தினேன். தையல்காரி எழுந்து, முதுகை நேராக்கி அதன் ஓரமாக நின்றாள். மூன்று மாத்திரை. அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, குழந்தைபோல் வாயைத் திறந்து காட்டினாள்.

ஆராய்ச்சிக்காரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

“போயிட்டாங்களா அக்கா?”

“போயிட்டாங்க.”

“அப்புறம் ஏன் அழறீங்க? விடுங்க. உங்க வேலை போயி என்ன ஆகப்போகுது? என் கண்ணு திரும்பியா வரப்போகுது?”

மடியில் இருந்து நழுவிய சட்டையைத் தடவி எடுத்து, விட்ட இடத்தை விரலால் தேட ஆரம்பித்தாள்.

கர்ப்பம் என்று அவள் ஒரு வருடம்கூட என்னிடம் சொன்னதில்லை.

இந்தத் தெருவில் நான் முதல்முறை மாத்திரை கொடுத்த வருடம், அவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அன்று வரிசை நீளமாக இருந்தது. எல்லோரையும் கேட்டேன், அவளைக் கேட்க விட்டுப்போயிற்று. அடுத்த மாதம் அவளுக்குக் கரு கலைந்தது. அந்த வருடத்துக் கணக்கு வேறொரு நோட்டில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரம்மா அதைக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதே டாக்டர் அடித்துச் சொன்னார். அவள் நம்பினாள்.

நான்தான் நம்பவில்லை.

அடுத்த வருடம் எல்லோரையும்போல் அவளும் வந்து கையை நீட்டினாள். அதற்கடுத்த வருடமும் நீட்டினாள். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கையை மூடிவிட்டு, அவள் காதோடு சொன்னேன்: “உன் மூஞ்சியப் பாத்தா விசேஷம் மாதிரி தெரியுதுடி. எதுக்கு வம்பு? அடுத்த வருஷம் போட்டுக்கலாம்.”

ஏழு வருடமும் அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது.