இரண்டாவது நோட்டு

"ஒரு ஆளுக்கு ஒரு நோட்டுதானே? இந்தம்மா ரெண்டு வச்சிருக்காங்க."

சுப்பராயன் சத்தமாகவே சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் அந்த அரசு ஆஸ்பத்திரியில் சுகர், பிரஷர்காரர்களின் நாள். விடியும்போதே வந்து, மாத்திரை எழுதித் தரும் நோட்டை பெஞ்சின் மேல் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மணிக்கணக்காக நிற்க யாருக்குத் தெம்பிருக்கிறது? நோட்டு இருக்கும் வரிசைப்படி நர்ஸ் விஜி கூப்பிடுவாள். ரத்தம் கொடுக்கும்வரை எல்லோருக்கும் வெறும் வயிறுதான்.

சுப்பராயனுக்குச் சுகர், பிரஷர், போதாததற்கு இதயத்தில் ஸ்டென்ட். அம்பத்தூர் கம்பெனியில் ரிட்டயரானதோடு இன்ஷூரன்சும் போய்விட்டது. கள்ளிக்குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தும் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. முதல் இரண்டு நோட்டும் சேக்காட்டுக் குப்பம்மாவுடையவை.

"தல சுத்தல் இப்ப தேவலையா சார்?" என்று கேட்டாள் குப்பம்மா.

போன மாதம் தாமதமாக வந்து, படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்ட கதையை அவர் இப்போதுதான் பக்கத்திலிருந்த எத்திராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தார். எத்திராஜ் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"அப்பால இன்னா ஆச்சு?" என்றார் எத்திராஜ்.

"பத்தே நிமிஷத்துல என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. ஆளைப் பார்த்தாலே தெரியாதா?"

எட்டரைக்கு விஜி வந்து மேஜையைத் துடைத்தாள். அதே நேரத்தில் நெமிலிச்சேரி ரயிலில் வந்த ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். இரண்டு காலும் வீங்கி, செருப்பைப் போட முடியாமல் கையில் பிடித்திருந்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குப்பம்மா எழுந்து போனாள். அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கி வந்து இரண்டாவது இடத்தில் வைத்தாள். அங்கே இருந்த பழைய நோட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சுப்பராயனுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், பார்த்தீங்களா? அஞ்சரைக்கு வந்தவன் முட்டாளா? அந்த நோட்டு யாருதுன்னு கேளுங்க."

விஜி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் குப்பம்மாவே நோட்டை எடுத்து நீட்டினாள். அட்டையில் செங்கல்வராயன் என்று இருந்தது. கீழே சுகர், பிரஷர், கிட்னி.

"ஆள் எங்கம்மா?"

"செத்து பத்து மாசம் ஆவுது சார்."

பெஞ்சு பூராவும் சலசலத்தது.

"செத்தவர் பேர்ல மாத்திரை வாங்கி விக்கிறீங்களா?"

"ஒரு மாத்திரைகூட வாங்கினதில்லை சார்" என்றாள் விஜி.

குப்பம்மா நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். "எங்க ஊட்டுக்காரரு சார். நைட் டூட்டி முடிச்சிகினு வர்றதால எப்பவும் லேட்டுதான். அன்னிக்கு அவரு நோட்டு நாப்பத்தொண்ணாவதா கெடந்துச்சு. முடியல, முன்னால வுடுங்கன்னு யாராண்டயும் கேக்க மாட்டாரு. பேர கூப்டப்போ இந்தத் தூணாண்ட சாஞ்சிகினு கெடந்தாரு. போயே போயிட்டாரு. அதான் அவரு எடத்த நானே மொதல்ல புடிச்சி வெக்கிறேன். முடியாம வர்றவங்களுக்கு ஆவும்ல."

சுப்பராயனுக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பசி ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம்.

"பாவம்தான், இல்லேங்கலை. அதுக்காக வரிசையை மாத்த முடியுமா? சிஸ்டர், போன மாசம் நான் எவ்வளவு பின்னால வந்தேன்? நீங்களே என் முகத்தைப் பார்த்து முதல்ல கூப்பிட்டீங்க. தகுதி தெரிஞ்சு நடந்துக்கிற நீங்களே இந்த அநியாயத்தை விடலாமா?"

படியிலிருந்த பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். "வேணாம்மா, என் நோட்ட கடைசியிலயே வெச்சிடுங்க."

விஜி குப்பம்மாவைப் பார்த்தாள். சொல்லாதே என்பதுபோல் குப்பம்மா தலையாட்டினாள்.

விஜியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படியிலிருந்தவளின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்பராயனிடம் வந்தாள்.

"நீங்க சொன்னா இதைக் கடைசியிலயே வச்சிடறேன் சார். ஆனா போன மாசம் நான் உங்க முகத்தைப் பார்க்கவே இல்லை. படியில கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீங்களே, அப்ப உங்க கையிலேருந்த நோட்டை வாங்கிட்டு வந்து அந்த ரெண்டாவது இடத்துல வச்சது இந்தம்மாதான். நான் வரிசைப்படிதான் கூப்பிட்டேன்."