இடது கையால் ஒரு இஷ்டு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். செங்கல் என்ற கிராமத்து வீடொன்றின் அடுக்களையில் சாய்ந்த வெயில் புதிய ஃபுட் பிராசசரின் கிண்ணத்தில் பட்டு மின்னுகிறது. பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த லில்லிபாய், அதற்குப் பிறகு இன்றுதான் தானே தேங்காய்ப்பால் ஊற்றிய உருளைக்கிழங்குக் கறியான இஷ்டு வைக்கிறாள். தோல் சீவும் தட்டில் தண்ணீரோடு கடகடவென்று சுழன்ற உருளைக்கிழங்குகள், அங்கங்கே தோல் ஒட்டியிருக்க, வெளுத்துக் கிடக்கின்றன. அந்தத் தட்டைக் கழற்றிவிட்டுச் சதுரமாக நறுக்கும் பிளேடை மாட்டுகிறாள். மூடிதான் பூட்டிக்கொள்ள மறுக்கிறது. இடது கையால் திருகத் திருக இயந்திரம் நழுவுகிறது. அதை இடுப்பால் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறாள். மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது.

கதவோரம் நிற்கும் கணவர் ஞானதாசின் கை தானாக நீள்கிறது. "நான் பிடிச்சுத் தாறேன்."

"தொடண்டாம். நீங்க பிடிச்சா அது நீங்க வச்ச கறியாக்கும்."

நீண்ட கை மடங்குகிறது. இத்தனை மாதமும் சமைத்ததும் அவளுக்கு ஊட்டியதும் அவர்தான். மூடி 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்கிறது. மோட்டார் உறுமுகிறது. வெள்ளைச் சதுரங்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. மோட்டார் நின்றதும் வெளியே வாழையிலை உரசுவது கேட்கிறது. அவள் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"சும்மா நிக்காம ஒரு தேங்காய உடைச்சுத் திருவுங்க."

தேங்காய் எந்த மூலையில் கிடக்கிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்கிறார்.

"தேங்கா எங்கடி இருக்கு?"