ஊதா மாறவில்லை

கண்ணாடிக் குழாயில் இருந்த ஊதா நீருக்குள் அபிஷா ஒரு சொட்டு எண்ணெயை விட்டாள். குலுக்கினாள். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

எதிரே நின்ற லிங்கேஷ் அந்தப் பெட்டியையே பார்த்தான்.

அவள் கோயம்புத்தூர் சோப்புக் கம்பெனியின் கெமிஸ்ட். தலையை ஆட்டிவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லையென்றால் சங்கரன்கோவிலில் இந்தக் கொட்டகையைப் பூட்டி, எண்ணெய் வடிக்கும் கொப்பரையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கொடைக்கானலிலிருந்து சேஜ் என்ற வாசனை இலையை மூட்டை மூட்டையாக வரவழைத்து, அவனும் பொண்டாட்டி விஜிதாவும் ஆவியில் வெந்து வடித்த எண்ணெய் அது.

எண்ணெயில் சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். யூட்டியூபில் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. மாறாமல் எங்கே போகும்?

அபிஷா பெட்டியைத் திறந்தாள்.

குழாய் ஊதாவாகவே இருந்தது.

போச்சு. கோமதித் தாயே, எல்லாம் போச்சு. பக்கத்தில் நின்ற விஜிதா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அபிஷா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சுத்தமான சேஜ் எண்ணெய்க்கு ஊதா பெரிசா வெளுக்காது. இதுக்கு முன்னாடி போன இடத்துல எல்லாம் பளிச்சுன்னு மஞ்சளாயிடுச்சு. எதையோ கலந்திருக்காங்க. உங்களதுதான் சுத்தம். இன்னும் ஒரு பாட்டில் குடுங்க, எங்க மெஷின்ல போட்டா உள்ள இருக்கறதை ஒண்ணுவிடாம காட்டிரும். அது முடிஞ்சா ஆர்டர் உங்களுக்குத்தான்."

விஜிதா அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மூலையில் இருந்த பெரிய கேனுக்கு ஓடினாள்.

"நம்ம எண்ணெய் தங்கம்லா மேடம்! ஏங்க, மரம் மாதிரி நிக்கியள? மூடி இறுகிக் கிடக்கு, வந்து திறந்து தாங்க."

லிங்கேஷ் நகரவில்லை.

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான். சாம்பிள் பாட்டிலில் மட்டும் கலந்தால் பின்னால் மாட்டிக்கொள்வோம் என்று, நேற்று விஜிதா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மெடிக்கலில் வாங்கிய, இன்று ஊதாவைத் துளியும் அசைக்காத வைட்டமின் ஈ எண்ணெய் மாத்திரைகளை ஊசியால் குத்திக் குத்தி அந்தக் கேன் முழுக்க அவன் பிழிந்துவிட்டிருந்தான்.